வெள்ளிச் சட்டைக்காரிக்கு அஞ்சலி

அம்மா செத்துப்போன செய்தி இக்லிகாவுக்கு டிராம் நிறுத்தத்தில்தான் தெரிந்தது.

லிண்டன் மரத்தில், சரியாக அவள் கண்ணுக்கு நேரே ஒட்டியிருந்தார்கள். கருப்புக் கரை போட்ட அஞ்சலித் தாள். சோஃபியாவில் யார் போனாலும் மரத்திலும் மின்கம்பத்திலும் வாசல் கதவிலும் ஒட்டுகிற அதே அளவுதான். ஆனால் நடுவில் இருந்த படத்தில் அம்மா வெள்ளிச் சட்டையும் முழங்கால் வரை பூட்ஸும் போட்டுக்கொண்டு, ஒரு கையை மேலே தூக்கி, இடுப்பை ஒரு பக்கமாக ஒடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அஞ்சலித் தாளில் இப்படி ஒரு இடுப்பை அந்தத் தெரு இதுவரை பார்த்திருக்காது.

'எங்கள் தெமெனூகா' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கீழே வரிசையாகப் பாட்டுகள்: 'திங்கட்கிழமையே வராதே', 'ஈரக் கூந்தல்', 'பதினோராம் எண் டிராம்'. அதற்கும் கீழே, 'நீ பாடியதால் எங்களுக்கும் இளமை என்று ஒன்று இருந்தது. கண்ணீருடன், உன் ரசிகர் மன்றம்.'

இக்லிகா மீன் பையைக் கீழே வைத்துவிட்டுத் தாளைக் கிழிக்கத் தொடங்கினாள். பாசத்தோடு ஒட்டியிருந்தார்கள் போல. நகம் நகமாகத்தான் வந்தது.

"ஏம்மா கிழிக்கிற?" டிராமுக்கு நின்ற ஒரு அம்மாள் கேட்டாள். "நல்ல பாட்டுக்காரி. பாவம்."

"அவங்க சாகல."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவோம்."

"அவங்க எங்க அம்மா."

அந்த அம்மாள் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசத் தேத்திக்கோ, கண்ணு," என்றாள். அவள் கண்ணே கலங்கிவிட்டது. இதற்கு மேல் என்ன சொல்வது? இக்லிகா பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அடுத்த மரத்திலும் ஒன்று இருந்தது. அதற்கடுத்த கம்பத்திலும்.

போன வாரம் இந்த வீட்டுப் பக்கம் வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் தெமெனூகாவின் கழுத்தில் ஒரு கட்டி இருப்பதைக் கண்டுபிடித்து அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போனது. மிச்சம் இருப்பது ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். வெளியே ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாது என்று புருஷனிடமும் மகளிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டே புருஷன் ஸ்டாமென் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். ஒரு காலத்தில் அவளுடைய குழுவில் டிரம்பெட் ஊதியவர். அவருடைய சொந்த ஊரில் அடக்கம் செய்தார்கள். வாசலில் ஒரு தாளும் கதவில் கருப்பு நாடாவும் தவிர, அதையும் யாருக்கும் சொல்லவில்லை. புர்காஸ் நகரத்தில் புருஷனையும் வேலையையும் விட்டுவிட்டு இக்லிகா அம்மாவோடு வந்து தங்கியிருக்கிறாள்.

தெமெனூகா சாப்பிடுவதில்லை. இரண்டு கரண்டி சூப், அதுவும் மகள் அழுதால்தான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மாடிப்படியில் நின்று இக்லிகாவிடம் சொன்னார்: "உடம்புல பெரிசா ஒண்ணுமில்ல. வாழணும்னு அவங்களுக்குத் தோணணும். அது என்கிட்ட இல்ல."

அது யாரிடம் இருக்கிறது என்று இக்லிகாவுக்குத் தெரியும். அதற்காகத்தான் அவள் இந்த ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு, பூப்பெயர் வைத்துக்கொண்டவர்களுக்கெல்லாம் பெயர் நாள். தெமெனூகா என்றால் வயலட் பூ. பெயர் நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. மேஜையில் பண்டம் வைத்துவிட்டு இருந்தால் போதும், வருகிறவர்கள் வருவார்கள். ஒவ்வொரு வருஷமும் மன்றமே திரண்டு வரும். மணி அடிப்பார்கள். ஸ்டாமென் கதவைத் திறக்காமலே போலீஸ்காரர் மாதிரி "யாரு?" என்பார். வெளியே இருப்பவர்கள் ஏதாவது ஒரு பாட்டின் முதல் வரியைச் சேர்ந்து பாடவேண்டும். அப்புறம்தான் கதவு திறக்கும். தெமெனூகா உள்ளே சோபாவில் ராணி மாதிரி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள்.

இக்லிகா என்பதும் ஒரு பூவின் பெயர்தான். அவளுக்கும் இதே நாள்தான் பெயர் நாள். அவளுக்கென்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் ஒரு பூ கொண்டுவந்ததில்லை. சின்ன வயதில் அதற்காக அழுதிருக்கிறாள். இன்றைக்கு அந்தக் கூட்டம் வந்தால் போதும் என்று இருந்தாள். அவர்கள் வந்தால் அம்மா எழுந்திருப்பாள், எழுந்தால் சாப்பிடுவாள்.

ஆனால் செத்தவளுக்குப் பெயர் நாள் வாழ்த்துச் சொல்ல யார் வருவார்கள்?

மன்றத்தை நடத்தும் மெத்தோதியின் சாவி வெட்டும் கடை ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. ஜன்னல் நடைபாதை மட்டத்தில். வாடிக்கையாளர்கள் குந்தி உட்கார்ந்துதான் பேசவேண்டும். ஞாயிறு என்பதால் கடை மூடியிருக்கும் என்று நினைத்துத்தான் வந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளேயிருந்து 'ஈரக் கூந்தல்' கேட்டது, கூடவே மூக்கு சிந்தும் சத்தமும்.

இக்லிகா குந்தி உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். ஏழெட்டுத் தலைகள். எல்லாம் நரைத்த தலைகள். சுவர் முழுக்க வெள்ளிச் சட்டைப் படங்கள்.

"மெத்தோதி அண்ணே."

மெத்தோதி நிமிர்ந்து பார்த்தான். ஐம்பத்தேழு வயது ஆள், கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. "இக்லிகா, வாம்மா, உள்ள வா. எங்களால வீட்டுக்கு வர முடியல. வந்து எந்த மூஞ்சிய வெச்சு உன்ன பாக்கறது."

"அம்மா உயிரோட இருக்காங்க."

மூக்கு சிந்தும் சத்தம் நின்றது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"செத்தது அப்பா," என்றாள் இக்லிகா. "நாப்பது நாளைக்கு மேல ஆச்சு. கதவுல இருக்கற கருப்பு நாடா அவருக்கு."

மெத்தோதி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். பக்கத்தில் இருந்த கின்கா, பிஸ்கெட் ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"மடையா. மரத்துக்கு மரம் ஒட்டிட்டு வந்திருக்கோமேடா. பசை வாளிய நான்ல தூக்கினேன்."

"கருப்பு நாடாவப் பாத்தேன்கா. மணி அடிச்சேன், யாரும் திறக்கல. ஸ்டாமென் அண்ணன் பேர்ல வாசல்ல ஒரு தாளும் இல்ல."

"வாசல்ல பெயிண்ட் அடிச்சாங்க. எல்லாத்தையும் சுரண்டிட்டாங்க," என்றாள் இக்லிகா.

"நாடாவ மட்டும் வெச்சு நான் முடிவு பண்ணலம்மா. வியாழக்கிழமை வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். யாரோ வயசானவங்க எடுத்தாங்க. அவங்கதான் சொன்னாங்க, தெமெனூகா போயிட்டான்னு."

வியாழக்கிழமை இக்லிகா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டு பர்வன்காவை அம்மாவோடு உட்காரச் சொல்லிவிட்டுப் போனாள். பர்வன்காவுக்குக் காது மந்தம். ஸ்டாமெனைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்து ஏதோ உளறியிருப்பாள். இக்லிகாவுக்குக் கோபம்கூட வரவில்லை.

"அது பர்வன்காம்மாவா இருக்கும். விடுங்க. இப்போ கிளம்பி வாங்கண்ணே. அப்பா போனதுலேர்ந்து அம்மா சரியா சாப்பிடல. நீங்க வந்தாதான் எழுந்திருப்பாங்க. வேற வழி எனக்குத் தெரியல."

மெத்தோதி ஜன்னல் கம்பி வழியே கையை நீட்டி அவள் விரலைப் பிடித்துக்கொண்டான். அழுகையும் சிரிப்புமாக இருந்தது அவன் முகம்.

"எனக்குப் பதினேழு வயசும்மா. விளையாட்டு அரங்கத்துல கச்சேரி. வீட்டுக்குத் தெரியாம அண்ணன் சட்டையப் போட்டுக்கிட்டுப் போனேன். 'திங்கட்கிழமையே வராதே' பாடினாங்க. மூணாவது தடவை பல்லவி வரும்போது, அதுக்கு முன்னால ஒரு மூச்சு இழுப்பாங்க பாரு. ரெக்கார்டுலயும் கேக்கும். வேற பாடகின்னா அத வெட்டி எடுத்திருப்பாங்க. அந்த மூச்சக் கேக்கவே மூணு ரெக்கார்ட தேய்ச்சிருக்கேன். ஊருல ஆயிரம் பேர் மூச்சு விட்டாலும் அது எதுன்னு சொல்லிடுவேன்."

"பொண்டாட்டி மூச்சு விடறாளான்னு என்னைக்காவது பாத்திருக்கியாடா?" என்றாள் கின்கா. எல்லாரும் சிரித்தார்கள். மூன்று நாளாக அழுத கூட்டம் அது. சிரிப்பு நிற்கவே இல்லை.

கின்கா பசை ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "எங்க ராத்திரி ஷிப்டுக்கு 'ஈரக் கூந்தல்'தான் சோறு. பெல்ட் ஓடற வேகத்துக்குச் சரியா இருக்கும். பாடிக்கிட்டே அடுக்குவோம். புதுசா வந்த சூப்பர்வைசர் பாடக்கூடாதுன்னான். அன்னிக்குப் பாதி பிஸ்கெட் தூளு. மறுநாள் அவனே வந்து, பாடித் தொலைங்கடின்னான். அந்தக் குரல் இல்லைன்னா நான் அந்த வேலைய ஒரு மாசம் தாங்கியிருக்க மாட்டேன், கண்ணு."

இக்லிகா சொல்லியிருக்கவேண்டிய இடம் அதுதான். குரல் போய்விட்டது என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இப்போதுதான் ஒரு சாவிலிருந்து மீண்டு சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் இன்னொன்றைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. வந்து பார்த்தால் தாங்களே தெரிந்துகொள்ளப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மூலையில் பக்கெட்டில் வயலட் பூக்கள் நின்றன, கல்லறையில் வைப்பதற்காக வாங்கியவை. கின்கா ஒவ்வொரு கொத்திலிருந்தும் ஒரு பூவை உருவிக் கீழே போட்டாள். இரட்டைப்படையில் பூ செத்தவர்களுக்குத்தான்.

"மத்தியானம் வரோம்," என்றான் மெத்தோதி. "முதல்ல போய் மரத்துல ஒட்டினத எல்லாம் கிழிச்சிட்டு வரோம்."

இக்லிகா வீட்டுக்கு வந்தபோது தெமெனூகா காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில் இருந்தாள். தயிர்க் கிண்ணம் அப்படியே இருந்தது. கழுத்துத் தழும்பை மறைக்க வீட்டுக்குள்ளும் துணி சுற்றியிருப்பாள். அன்று பார்க்க ஆள் இல்லையென்று அதையும் அவிழ்த்துப் போட்டிருந்தாள்.

"அம்மா, மத்தியானம் எல்லாரும் வராங்க."

தெமெனூகா தயிர்க் கிண்ணத்தை இன்னும் தள்ளி வைத்தாள்.

"ஒரு குளறுபடி நடந்துபோச்சு. நீ போயிட்டன்னு நினைச்சுக்கிட்டாங்க. நான் போய்ச் சொல்லிட்டேன். அழுது தீர்த்துட்டாங்க தெரியுமா? மெத்தோதி அண்ணனப் பாத்தா எனக்கே தாங்கல."

தெமெனூகா மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். "மெத்தோதி வரானா?"

ரம்பத்தால் மரத்தை அறுப்பது போன்ற குரல். இக்லிகாவுக்கு இன்னும் பழகவில்லை.

"வரார். அவர்தான் முதல்ல."

அம்மா தன் கழுத்துத் தழும்பைத் தடவிப் பார்த்தாள். அப்புறம், "சரி. இன்னொரு தடவை பாக்கலாம்," என்றாள்.

"என்ன பாக்கலாம்?"

"தோடு எடு. பெரிய தோடு."

 இக்லிகா ஓடினாள். அலமாரியைக் கலைத்துப்போட்டுத் தோட்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். அம்மா தன் கையாலேயே போட்டுக்கொண்டாள். உதட்டுச் சாயம் கேட்டாள். கழுத்துக்கு நீலத் துணி கேட்டாள். மீன் வறுபட்டுக்கொண்டிருந்தபோது சமையலறைக்கு நடந்து வந்து, சீஸ் வைத்து அடுக்கிய பனித்சாவில் ஒரு ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"உப்பு கம்மி," என்றாள்.

இக்லிகா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். அந்த உப்புக்காக இந்த வீட்டையே விற்றுவிடலாம் போல இருந்தது.

"நானே கேக்கறேன்," என்றாள் அம்மா பின்னாலிருந்து.

"என்னம்மா?"

"யாருன்னு. உங்கப்பா கேப்பாரே. இன்னைக்கு நான் கேக்கறேன். நீ கதவத் தொடாத."

லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. அவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வரும் சத்தம் இரண்டு மாடி கீழேயே கேட்டது. கின்காவின் அதட்டல், பூச்சுற்றிய காகிதத்தின் சரசரப்பு, யாரோ "ஷ், ஷ்" என்பது. மணி அடித்தது.

தெமெனூகா கதவருகே நேராக நின்றாள். இக்லிகா பின்னால் நின்று, அம்மாவின் முதுகையே பார்த்தாள். அந்த முதுகு இத்தனை நிமிர்ந்து நின்று எத்தனை காலம் ஆகிவிட்டது.

"யாரு?" என்றாள் தெமெனூகா.

வெளியே சரசரப்பு நின்றது. பாட்டு வரவில்லை.

அவள் இன்னும் கொஞ்சம் உரக்க, "யாரு வந்திருக்கிறது?" என்றாள். கழுத்து நரம்பு புடைத்தது.

வெளியே கிசுகிசுப்பு. ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொள்வது போன்ற சத்தம். பிறகு மெத்தோதி, தெரியாதவர்களிடம் பேசும் மரியாதையான குரலில், "பெரியம்மா, தெமெனூகா அக்காவ கொஞ்சம் கூப்பிடுங்க. நாங்க மன்றத்துலேர்ந்து வந்திருக்கோம்," என்றான்.

தெமெனூகா கதவிலிருந்து ஒரு அடி பின்வாங்கினாள்.

வெளியே அவன் குரலைத் தாழ்த்திக் கின்காவிடம் சொன்னது கதவைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது.

"இதேதான்கா. அன்னிக்குப் போன்ல தெமெனூகா செத்துட்டான்னு சொன்னது இந்தக் கிழவிதான். இந்தக் கரகரப்ப நான் எங்க கேட்டாலும் சொல்லிடுவேன்."

இக்லிகாவுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. வியாழக்கிழமை போனை எடுத்தது பர்வன்கா இல்லை. அம்மாதான் எடுத்திருக்கிறாள். அம்மா முதலில் 'ஹலோ' என்றிருப்பாள். இவன் கண்டுபிடிப்பான் என்று காத்திருந்திருப்பாள். ஆயிரம் மூச்சில் ஒரு மூச்சைச் சொல்பவன், "தெமெனூகா இருக்காங்களா?" என்று தெமெனூகாவிடமே கேட்டிருக்கிறான். பிறகு அவள் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? பொய்யாகக்கூடச் சொல்லவில்லை, தனக்கு உண்மை என்று பட்டதைச் சொல்லியிருக்கிறாள்.

தெமெனூகா திரும்பினாள். கோபம் இல்லை, கண்ணீரும் இல்லை. பரீட்சையில் இரண்டாம் முறையும் தோற்ற பிள்ளையின் முகம் அது. ஆனால் தோற்றது யார் என்று இக்லிகாவுக்கு விளங்கவில்லை.

"கேட்டியா?" என்றாள் மிகவும் மெல்ல.

"அம்மா, கதவத் திறக்கலாம். முகத்தப் பாத்தா..."

"முகத்தப் பாத்து அழுவாங்க. எனக்கு வேண்டாம்."

"இக்லிகா, உள்ள இருக்கியாம்மா?" மெத்தோதி கதவைத் தட்டினான். "இந்தப் பெரியம்மா யாரு? அக்கா எங்க?"

தெமெனூகா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக, உத்தரவு போடாமல், மகளிடம் ஒன்று கேட்டு நின்றாள்.

உண்மையைச் சொன்னால் கதவு திறந்துவிடும். பூவும் அழுகையுமாக எல்லாரும் உள்ளே வருவார்கள். அந்த அழுகைக்கு நடுவில் தன்னைத்தான் நிறுத்துவார்கள் என்று அம்மாவின் கண் சொன்னது. இக்லிகா வாயைத் திறந்தாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பக்கத்து வீட்டு பர்வன்காம்மா," என்றாள். "அம்மா தூங்கறாங்க."

தெமெனூகாவின் தோள் இறங்கியது. "நல்ல பொண்ணு," என்று மகளின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். பிறகு தோடு இரண்டையும் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்கு நடந்தாள்.

என்ன காரியம் செய்துவிட்டோம் என்று இக்லிகாவுக்கு மெல்ல உறைத்தது. காப்பாற்றக் கூட்டி வந்தவர்களை வாசலில் நிறுத்திவிட்டு, தெமெனூகா போய்விட்டாள் என்று அம்மா போனில் ஆரம்பித்ததைத் தன் வாயாலேயே முடித்துக் கொடுத்துவிட்டாள்.

வெளியே ஒவ்வொருவராகப் படியில் உட்காருகிற சத்தம் கேட்டது.

"தூங்கட்டும், தூங்கட்டும். எழுப்பாத," என்றாள் கின்கா கதவில் வாயை வைத்து. "எவ்வளவு நேரமானாலும் இருக்கோம். எப்போ எழுந்திருப்பாங்க, கண்ணு?"